இரண்டாம் டிஸ்க்கில் இருந்த பேர்

எங்கள் கம்பெனி கம்ப்யூட்டருக்கு டிஸ்க் இரண்டு. ஒன்றில் என்ன இருக்கிறதோ அதுவே மற்றதிலும் இருக்கும். நான் எதைத் தட்டினாலும் மிஷின் இரண்டிலும் எழுதிவைத்துக்கொள்ளும். கேட்கும்போது மட்டும், அந்த நேரத்தில் எந்த டிஸ்க்கிடம் சீக்கிரம் கிடைக்குமோ அதனிடம் வாங்கிக் கொடுக்கும். ஒன்று கெட்டாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆபிஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியார் இதை என்னிடம் பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு முறையும் கடைசியில், "அப்ப ரெண்டுல ஒன்னு சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குது, அப்படித்தானே?" என்று முடிப்பார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்தில் கம்பெனியின் வட்டார ஆபிஸ். கோலா சிலாங்கூர் சுற்றுவட்டாரத்திலும் தஞ்சோங் காராங் போகிற வழியிலும் இருந்த கம்பெனித் தோட்டங்களின் ஆள் கணக்கெல்லாம் அங்கேதான் வந்து சேரும். நான் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவளை மிஷின் அறைக்குள் விட்டதில் சிலருக்குப் பெருமை, சிலருக்கு வயிற்றெரிச்சல். ஆபிஸிலேயே ஏர்கோன் உள்ள அறை என்னுடையதுதான். வெயில் நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். மேனேஜர் வீட்டு சாக்லேட் டப்பாகூட உருகாமல் இருப்பதற்காகச் சில வாரம் என் மேசைக்கடியில் குடியிருந்தது.

என் வேலையில் முக்கியமானது பெரட்டு லிஸ்ட். விடியுமுன் ஆட்கள் எல்லாரும் தோட்டத்துத் திடலில் வரிசையாக நிற்பார்கள். ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியான மண்டோர் டார்ச் லைட்டை அடித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். வந்தவர்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு. முன்பெல்லாம் அந்தந்தத் தோட்டத்துக் கிராணி கையால் எழுதியதை, கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் மத்தியானம் அச்சடித்து லோரியில் அனுப்பிவைப்பேன். யாராவது மாற்றலாகிப் போனாலும், வேலையை விட்டு நின்றாலும், புதிதாகச் சேர்ந்தாலும் எனக்குத் தகவல் வரும். நான் மாற்றுவேன். மறுநாள் லிஸ்ட்டில் அது தெரியும்.

வாரநாட்களில் கோலா சிலாங்கூர் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்குப் போவேன். அங்கே அம்மாவும் தம்பியும். அப்பா முன்பே தவறிவிட்டார். அம்மா புல்வெட்டு வேலையை விட்டுவிட்டிருந்தார். தம்பி எண்ணெய் எடுக்கிற செம்பனையில் குலை வெட்டுகிறவன். எங்கள் வீடு லயத்தின் கடைசி வீடு, பெரட்டுத் திடலுக்கு எதிரே. தம்பி வாசலில் நின்று சீனி போடாத காப்பியைக் குடித்துக்கொண்டே தன் பேர் வரட்டும் என்று காத்திருப்பான். பேரைக் கூப்பிட்டதும் குவளையை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடுவான். ஒருநாளாவது முன்கூட்டிப் போய் வரிசையில் நின்றான் என்றில்லை. "அவன் வாசல்லருந்தே ஆஜர் சொல்றான் லா," என்று மண்டோர் என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்.

செம்பனை உயரமாகிவிட்டால் குலை வெட்ட நீளக் கம்பு வேண்டும். முன்பு மூங்கில் கம்பு. பிறகு அலுமினியம் வந்தது. இலேசாக இருக்கும், தூக்கிக்கொண்டு நடப்பது சுலபம். என் தம்பியின் கம்பு கரண்டுக் கம்பியில் பட்டது. அவ்வளவுதான்.

செய்தி வந்தபோது நான் அச்சடித்துக்கொண்டிருந்தேன். மீதி லிஸ்ட்டையும் அடித்து, கிழித்து, மடித்து, லோரிக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பிறகு இதைச் சொல்லி ஊரில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லட்டும். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி அவன் பேரை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அம்மாவும் அழுது முடித்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். வந்தவர்களுக்குக் காப்பி போடுவதும் குவளை கழுவுவதுமாக நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் இறந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பெரட்டில் பேரை வெட்டமாட்டார்கள். மண்டோர் அந்தப் பேரையும் மற்றப் பேர்களோடு கூப்பிடுவார். ஒரு கணம் எல்லாரும் சும்மா நிற்பார்கள். அவரே "இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போவார். கம்பெனிச் சட்டத்தில் இது கிடையாது. ஆனால் எந்தக் கிராணியும் காரியத்துக்கு முன்பு பேரை எடுத்ததில்லை. எடுத்தால் ஆட்கள் வேலைக்கு இறங்கமாட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் ஆபிஸுக்குப் போனேன். பெரிய கிராணியார் என் அறை வாசலில் நின்றுகொண்டு, "அந்த ஒரு பேர மட்டும் நான் பாத்துக்கறேம்மா," என்றார். என் வேலையை நானே பார்ப்பேன் என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பேன். என்மேல் பரிதாபப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். தம்பியின் நம்பரைத் தட்டினேன். அவன் விவரம் திரையில் வந்தது. விலகிய காரணம் என்ற கட்டத்தில் ஒரு எண் போட வேண்டும். தானாக விலகினால் ஒன்று, மாற்றல் என்றால் இரண்டு, வயதாகி ஓய்வு பெற்றால் மூன்று, இறந்தால் நான்கு. நான்கைப் போட்டு எண்டரைத் தட்டினேன். திரை அடுத்த நம்பரைக் கேட்டது. கொடுத்தேன்.

அந்த வாரமே ஒருநாள் எங்கள் தோட்டத்து லிஸ்ட் அச்சாகி வந்தபோது தம்பியின் பேர் அதில் இருந்தது.

நான் நின்று அதைப் பார்த்தேன். பெரிய கிராணியார்தான் மறுபடி சேர்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கடுகடுப்பைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் கொடுப்போம் என்று செய்திருப்பார். அந்த மனுஷன் அப்படிப்பட்டவர்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எழுந்து போய்க் கேட்கிற தெம்பு வரவில்லை. லிஸ்ட்டைக் கிழித்து லோரிக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பேர் இல்லை. சரி, அவருக்கே புத்தி வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். அதற்கும் மறுநாள் திரும்ப இருந்தது. இப்படியே வருவதும் போவதுமாக நாட்கள் ஓடின. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது. யார் யார் என்னிடம் மெதுவான குரலில் பேசுகிறார்கள், யார் என் மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். காரியத்துக்குப் பிறகு அம்மா தானாக வந்து பேசியது அதுதான் முதல்முறை.

"பாப்பா, வியாழக்கெழம தம்பிய கூப்டாங்க."

"எங்க கூப்டாங்க?"

"பெரட்டுல. நேத்து கூப்டல. அதுக்கு மொத வாரமும் ரெண்டு தடவ கூப்டாங்க." அம்மாவின் முகத்தில் என்னவோ ஒரு தெளிவு இருந்தது. "தெனமும் எந்திரிச்சி நிக்கிறேன். என்னிக்கி கூப்புடுவாங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது."

திங்கட்கிழமை விடியலில் நானே கண்ணால் பார்த்தேன். அம்மா இருட்டிலேயே எழுந்து குளித்து, தம்பியின் எனாமல் குவளையில் சீனி போடாத காப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். மண்டோரின் டார்ச் வெளிச்சம் தாளின் மேல் விழுந்தது. ஒவ்வொரு பேராக வந்தது. தம்பியின் பேரும் வந்தது. ஒரு கணம் எல்லாரும் சும்மா நின்றார்கள். மண்டோர் "இல்ல" என்றார். அம்மா குவளையை அவன் வைக்கும் அதே வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா இன்னும் எத்தனை நாள் இப்படி நிற்கப்போகிறார் என்பதை நினைத்தேன். ஆயுசு முழுக்க நிற்பார். எனக்கு அம்மாவைத் தெரியும்.

வரிசை கலைந்ததும் மண்டோரிடம் போய், காரியம் முடிந்தும் ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "லிஸ்ட்டுல வந்தா கூப்டாம எப்பிடிம்மா? நீதானே அனுப்புற. ஒனக்கு மனசு வரலன்னு நெனச்சோம். யாரும் ஒன்னும் சொல்லல."

பஸ்ஸில் போகும்போது கோபம் நன்றாகப் பழுத்துவிட்டது. ஆபிஸில் பையைக்கூட வைக்காமல் பெரிய கிராணியாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, தம்பி பேர எதுக்குத் திரும்பத் திரும்ப சேக்கறீங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நானா? நான் அந்த மிஷினத் தொட்டதே இல்லியேம்மா. ஒன்னால வெட்ட முடியலன்னு நெனச்சேன்."

"நான் அன்னிக்கே வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா?"

பிறகு அவர் தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு முறை போன் வந்ததாம். மாற்றலாகிப் போன ஆளின் பேர் லிஸ்ட்டில் வருகிறது என்று. இன்னொரு தோட்டத்தில், கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணை மண்டோர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். "பிள்ளைக்கு மனசு சரியில்ல, தப்பு இருந்தா பென்சில்ல அடிச்சிட்டு நடத்துங்கன்னு நான்தான் சொன்னேன்," என்றார். அதாவது ஒரு வட்டாரமே சேர்ந்து எனக்கு இரக்கம் காட்டிக்கொண்டு வாய் பேசாமல் இருந்திருக்கிறது. அந்த இரக்கத்தின் மறைவில் மிஷின் தன் பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தில் நான் மேசையைக் குத்தினேன். பெரிய கிராணியாரின் தேத்தண்ணி தளும்பியது. பல வாரங்களுக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான்.

அறைக்குப் போய் எங்கள் தோட்டத்து லிஸ்ட்டை அச்சடித்தேன். பேர் இல்லை. மிஷினில் ஒரு விரலும் வைக்காமல், கிராணியாரைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு மறுபடி அடித்தேன். பேர் இருந்தது. மூன்றாவது தடவையும் இருந்தது. நான்காவதில் இல்லை. "என்னா லா இது, பேய் புடிச்ச மிஷினா இருக்கு," என்றார் அவர். அன்றைக்கே மிஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன இன்ஜினியர் வந்தார். இளவயது, வெயிலிலும் டை கட்டியிருந்தார். நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசிக்கொண்டோம். முதலில் அவர் சந்தேகப்பட்டது மனிதர்களை. யார் யாருக்கு ரகசியச் சொல் தெரியும் என்று கேட்டார். எனக்கு மட்டும்தான் என்றேன். மாற்றினோம். பேர் வந்தது. பிறகு மெமரியைச் சந்தேகப்பட்டு ஒரு சோதனையை மணிக்கணக்காக ஓடவிட்டார். மெமரி நன்றாக இருந்தது. அடுத்து கரண்டு. பக்கத்து ஆலையில் மிஷின் ஓட ஆரம்பிக்கும்போது எங்கள் ஆபிஸ் விளக்கெல்லாம் ஒரு தடவை மங்கும். அதைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். கரண்டைச் சீராக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, இனி கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் பேர் வந்தது.

சோதித்துப் பார்க்க எல்லாரும் தம்பியின் பேரைத்தான் பார்த்தோம். வந்து போகிற பேர்களில் எனக்கு நம்பர் மனப்பாடமாக இருந்தது அவனுடையதுதான். இன்ஜினியருக்கு அது யார் என்று தெரியாது. ஒரு தடவை பெரிய கிராணியார் சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டார்.

இன்ஜினியர் இரண்டாம் முறை வந்தபோது நான் கேட்டேன்: இரண்டு டிஸ்க்கும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றனவா? கட்டாயம் சொல்லும், அதற்குத்தானே இரண்டு என்றார். நான் விடவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் எந்தப் பதிலை எது சொல்கிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திக் கேட்போம் என்றேன். அவருக்கு அதில் இஷ்டமில்லை. ஒற்றை டிஸ்க்கில் ஓட்டும்போது அது போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்றார். முதலில் எல்லாவற்றையும் டேப்பில் பிரதி எடுத்தோம். பிறகு இரண்டாம் டிஸ்க்கை நிறுத்திவிட்டு முதல் டிஸ்க்கை மட்டும் ஓட்டினோம். எத்தனை முறை கேட்டாலும் தம்பி இல்லை. முதல் டிஸ்க்கை நிறுத்திவிட்டு இரண்டாவதை ஓட்டினோம். எத்தனை முறை கேட்டாலும் தம்பி இருந்தான்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இரண்டும் வேறு வேறு விஷயத்தை வைத்துக்கொண்டிருந்தன. மிஷின் ஒருசமயம் இதனிடம் கேட்டது, ஒருசமயம் அதனிடம் கேட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் அடுத்த கேள்வி. இரண்டாம் டிஸ்க் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது இன்ஜினியர், "இந்த ஆளுக்கு மறுபடி விலகல் போடுங்கள்," என்றார். நான்கைப் போட்டேன். கேட்டுப் பார்த்தோம். விலகியதாகவே காட்டியது. அவர் உதட்டைப் பிதுக்கினார். டிஸ்க் நன்றாகத்தானே எழுதுகிறது என்றார். அதை நம்பி எங்களுக்கு அரைநாள் வீணாயிற்று. பிறகு அவருக்கே பொறி தட்டியது. சற்றுமுன் எழுதியதை மிஷின் மெமரியிலும் வைத்திருக்கும். உடனே கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் அங்கிருந்தே எடுத்துச் சொல்லிவிடும். மிஷினை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் டிஸ்க்கில் உண்மையாக என்ன இருக்கிறது என்று தெரியும். அணைத்தோம். போட்டோம். கேட்டோம். தம்பி இருந்தான்.

"மறுபடி," என்றார்.

நான்கு. எண்டர். அணைத்தோம். போட்டோம். இருந்தான்.

"இன்னொரு தடவை. கேபிளை மாற்றிவிட்டுப் பார்ப்போம்."

நான்கு. எண்டர். இருந்தான். கார்டை மாற்றினார். நான்கு. எண்டர். இருந்தான். ஏர்கோன் குளிரில் என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. இறந்துவிட்டான் என்ற வார்த்தையைச் சாவு வீட்டில்கூட நான் வாயால் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் நல்ல மனிதர். எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று நினைத்து, வேண்டுமானால் தானே தட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். டிஸ்க்குக்குள் தட்டு தட்டாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் படிக்கவும் எழுதவும் ஒரு சிறு முள் உண்டு. அதில் ஒரு முள் படிக்கிறது, எழுதுவதில்லை. எழுத முடியாவிட்டால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கை எரியவைக்கிற பாகமும் சேர்ந்து செத்துவிட்டது. அதனால் டிஸ்க் ஒவ்வொரு தடவையும் எழுதிவிட்டேன் என்று மிஷினிடம் சொல்லியிருக்கிறது. மிஷினும் நம்பியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்த பேர்களுக்கு மட்டும், முள் கெட்ட நாளில் என்ன இருந்ததோ அதுவே நின்றுவிட்டது.

இரண்டு டிஸ்க்கிலும் வேறுபட்ட பேர்களை எல்லாம் அச்சடித்து, ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் செய்து கேட்டேன். முள் எப்போது கெட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. தம்பி சாவதற்குச் சில நாள் முன்பு. இரண்டாம் டிஸ்க்கில் அந்த வாரம் அப்படியே இருந்தது. தஞ்சோங் காராங் ஆள் இன்னும் மாற்றலாகவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு கிழவர் இன்னும் வேலையில் இருக்கிறார். என் தம்பி மறுநாள் வாசலில் காப்பிக் குவளையோடு நிற்பான். எனக்கு அந்த டிஸ்க்கின் மேல் பொறாமையாக இருந்தது. ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புது டிஸ்க் வந்தது. இன்ஜினியர் அதை மாட்டிவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிரதி எடுக்கத் தயாரானார். அதற்கு முன் என் பக்கம் திரும்பினார். இரண்டில் எது சரி என்று மிஷினுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் தோட்டங்களிலிருந்து வந்த பதில்களைக் காட்டினேன். எல்லாம் முதல் டிஸ்க்குக்கே பொருந்தின. அவர் நிதானமான ஆள். கடைசியாக ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தார். நாங்கள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த அந்த நம்பரை விரலால் காட்டினார்.

"இந்த ஆள் இருக்கிறாரா, இல்லையா?"

"இல்லை."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயமாகத் தெரியும்."

பெரிய கிராணியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஜினியர் பிரதி எடுக்க ஆரம்பித்தார். முடிந்ததும் மிஷினை அணைத்துப் போட்டு, இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தோம். இரண்டிலும் அவன் இல்லை. பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி அவர் காரின் பின்சீட்டில் வைத்தார். ரவாங் போகிற வழியில் ரோடு மோசம், ஆடாமல் வையுங்கள் என்றேன். கெட்டுப்போன டிஸ்க்தானே, ஆடினால் என்ன என்று அவர் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மிஷினில் ஒரு முள் கெட்டுப்போயிருந்தது, அதனால்தான் உன் பிள்ளையைக் கூப்பிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

திங்கட்கிழமை விடியலில் அம்மா குவளையோடு வாசலுக்குப் போனார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மண்டோர் கூப்பிட ஆரம்பித்தார். தம்பிக்கு முந்தின பேர் வந்தது. அந்த ஆள் "ஆஜர்" என்றார். மண்டோர் டார்ச்சைத் தாளுக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். எங்கள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தம்பிக்கு அடுத்த பேரைக் கூப்பிட்டார். வரிசை கலைந்து, டிராக்டர் புறப்பட்டு, அதன் சத்தம் அடங்கும்வரை அம்மா நகரவில்லை.

"பேர வெட்டிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ம்."

"யாரு வெட்டுனா?"

"நான்தாம்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"நீயா," என்றார். "அப்ப சரி."

குவளையை வாசற்படியில் வைக்கவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். காப்பி ஆறிப்போயிருந்தது. அவன் குடிக்கிற மாதிரியே சீனி இல்லாமல், கசப்பாக இருந்தது. எனக்குச் சீனி இல்லாமல் ஒருவாய் இறங்காது. நின்றபடியே குடித்தேன். பாதிக் குவளையில்தான் தம்பி செத்துப்போய்விட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. வாசற்படியில் அவன் குவளை வைக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ஆபிஸுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டேன்.